தக்காளி நலமாக இல்லை, மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. நீங்களும் என் மகளும் நலமாக இருக்க வேண்டும். இங்கே நானும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பொய் எழுதிப் பழக்கமில்லை. ஆகவே அதை அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொள்கிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். பக்கத்து வீட்டுத் தையல்காரருக்குச் சுவர் வழியாகவே காது கேட்கும். அவர் மனைவியோ உங்கள் அத்தைக்கு உயிர்த்தோழி.

கால் சுளுக்கிய தன் அக்காவைப் பார்த்துக்கொள்ள அத்தை போயிருப்பது உங்களுக்குத் தெரியும். போகும்போது ஃபிரிட்ஜ் நிறையக் காயும் பழமும் வாங்கி வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "என்னங்க, நான் திரும்பி வர்றப்ப இதுல ஒண்ணு அழுகி இருந்தாலும், உங்களால ஒரு வீட்டைப் பாத்துக்க முடியாதுன்னு அர்த்தம். மறுபேச்சு பேசாம ரெண்டு பேரும் பையன் வீட்டுக்கே போயிடணும்." மகன் வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறான்; நல்லவன், மருமகள் அவனைவிட நல்லவள். ஆனால் அது ஆறாவது மாடி. இங்கே தெருவில் இறங்கினால் முடிவெட்டுகிறவர் முதல் பால்காரர் வரை "சார்" என்று நின்று பேசுகிறார்கள். அங்கே என்னிடம் பேசுவது லிஃப்ட் ஒன்றுதான். அதுவும் "கதவு மூடுகிறது" என்று.

முதல் வேலையாக எல்லாவற்றையும் குளிப்பாட்டினேன். பள்ளிக்கு அனுப்பும் பிள்ளையை அழுக்காகவா அனுப்புவோம்? ஈரத்தோடு உள்ளே போன கீரை கொழகொழவென்று ஆகிவிட்டது. பயந்துபோய்க் குளிரைக் கூட்டினேன். கண்டிப்பு மிஞ்சினால் நல்ல பிள்ளையும் விறைத்துப்போகும் என்று எத்தனை பெற்றோருக்குச் சொல்லியிருப்பேன்! வெள்ளரிக்காய் கண்ணாடியாகிவிட்டது, வெளியே எடுத்ததும் அழுது அழுதே கரைந்தது. அடுத்தது ஆப்பிள். ஒன்றின் கன்னத்தில் மட்டும் ஒரு கறுப்பு. வகுப்பில் இப்படி ஒரு குறும்பன் இருந்தால் அவனைக் கெட்டிக்காரர்களுக்கு நடுவே உட்கார வைப்பேன், தானாகத் திருந்துவான். என் பணிக்காலம் முழுக்கப் பொய்க்காத முறை. அதையே இங்கும் செய்து, கல் மாதிரி இருந்த தக்காளிகளுக்கு நடுவே அவனை உட்கார வைத்தேன். மாப்பிள்ளை, ஆப்பிள் திருந்தவில்லை. தக்காளிகள் எல்லாம் கெட்டுப்போயின. பழுத்த பழம் ஒரு வாயுவை விடும், பக்கத்தில் இருப்பதையும் பழுக்க வைக்கும் என்று உங்கள் குளிர்பதனக் கிடங்கைப் பற்றி ஒருநாள் சாப்பிடும்போது சொன்னீர்களே, அது அப்புறம்தான் உறைத்தது. அன்று என் கவனமெல்லாம் இரண்டாம் முறை சோறு வாங்குவதில் இருந்தது.

வாயு என்றதும் வேறு பயம் பிடித்துக்கொண்டது. எனக்கோ ரத்த அழுத்தம். வாழைச்சீப்பைக் குளியலறையில் கட்டித் தொங்கவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்தேன். தையல்காரர் எட்டிப் பார்த்தார்.

"சார், வாழைப்பழம் குளிக்குதா?"

"காத்து வாங்குது."

"நீங்க ஏன் சார் மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்கிறீங்க?"

உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் ஒரே கூடையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தேன், ஒற்றுமையாக இருக்கட்டும் என்று. வெங்காயம் கசிகிறது. உருளை முளைவிட்டு, நான் குனியும்போதெல்லாம் அத்தனை கண்ணாலும் முறைக்கிறது. கொத்தமல்லிக்குத்தான் இடமே கிடைக்கவில்லை. வேரோடு ஒரு டம்ளர் தண்ணீரில் நிற்க வைத்து, தலையில் ஒரு பையைக் கவிழ்த்து, ஃபிரிட்ஜின் மூலைக்கு அனுப்பினேன், வீட்டுப்பாடம் எழுதாதவனை அனுப்புகிற மாதிரி. அதைத் திறந்து பார்க்கவே துணிவில்லை.

நேற்று அத்தை போன் செய்தாள். "தக்காளி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. உன்னைத்தான் கேட்டுச்சு."

"ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"தக்காளிக்கா?"

"உங்களுக்கு!"

போனை வச்சிட்டேன் மாப்பிள்ளை. கதவை யாராவது தட்டினா ஓடிப்போய் ஃபிரிட்ஜை மறைச்சு நின்னுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வர்றா. அதுக்குள்ள காதும் காதும் வச்ச மாதிரி அதே காய், அதே பழம், நல்லதாகப் பார்த்து வாங்கி வந்து என்னைக் காப்பாற்றுங்கள். உங்களை மலைபோல் நம்பியிருக்கிறேன். என் மகளுக்கும் தெரிய வேண்டாம். அவள் அம்மா கட்சி.

இருவரும் நோய்நொடியின்றி, அழுகல் இல்லாத காய்கறியோடு பல்லாண்டு வாழ்க.

இப்படிக்கு,
பயத்துடன்,
மாமா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அத்தை வந்து நின்றாள். என் குரலைக் கேட்டு மனம் கேட்காமல் முன்னதாகவே கிளம்பிவிட்டாளாம். நேரே ஃபிரிட்ஜைத் திறந்தாள். நான் சுவரோரம் கையைக் கட்டி நின்றேன். கொத்தமல்லித் தலையிலிருந்த பையை எடுத்தாள்; இன்று பறித்த மாதிரி பச்சைப்பசேல். "இதை யாரு இப்படி வச்சது?" "நான்தான்." மற்றதையெல்லாம் ஒரு முறை பார்த்தாள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "கெடுத்தீங்களே! நீங்க எல்லாத்தையும் நல்லா பாத்துக்கிட்டீங்கன்னு பஸ் ஏறினதுமே பையனுக்குப் போன் பண்ணிட்டேனே. எனக்கு மட்டும் அந்த ஆறாவது மாடி இனிக்குதா? அவன் கூப்பிடுறதை மறுக்க ஒரு சாக்கு வேணும்னுதானே உங்களை நம்பி விட்டுட்டுப் போனேன்!" மகன் நம்பவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நேரில் பார்க்க வருகிறான். இப்போது நாங்கள் இருவருமே நடுங்குகிறோம். ஆகவே மேலே எழுதிய ரகசியத்தை மறந்துவிட்டு, சனிக்கிழமையே வந்துவிடுங்கள்.

மாப்பிள்ளை, தக்காளியைக் கெட்டியா பாத்து எடுங்க. கொத்தமல்லி வேண்டாம், இருக்கு. அந்த ஆப்பிளை நான் குப்பையில போட்டுட்டேன், உங்க மாமாவுக்குத் தெரியாது. இன்னும் திருத்திக்கிட்டு இருப்பாரு. — அத்தை