எதிரணிக்கு இரவல் போன கோல்கீப்பர்

ஆட்டர் ஃபால்ஸ், ஒன்டாரியோ
1959 நவம்பர் 9

'ஆட்டர் ஃபால்ஸ் கூரியர்' வார இதழின் ஆசிரியர் திரு. டெஸ்மண்ட் ராஃபர்டி அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் உங்கள் அச்சு இயந்திரமும் நலமென்று நம்புகிறேன். வியாழக்கிழமை வர வேண்டிய இதழ் வழக்கம்போல் சனிக்கிழமை வந்து சேர்ந்தது. ஏரி உறைந்துவிட்டது என்று முதல் பக்கத்தில் போட்டிருந்தீர்கள். அதற்குள் அதை நான் ஏரியிடமிருந்தே தெரிந்துகொண்டிருந்தேன். பள்ளியில் உங்களுக்கு லத்தீன் கற்பித்தவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். அந்த லத்தீனில் இன்று உங்களிடம் எதுவும் மிச்சமில்லை என்பதை அறிவேன். ஆகவே உரிமையை மிகையாகப் பயன்படுத்த மாட்டேன்.

அதே இதழின் மூன்றாம் பக்கத்தில், புதிய ஐஸ் அரங்கத்தின் திறப்பு விழாவில் நம் பழைய நேஷனல்ஸ் அணிக்கும் பழைய ஃபோர்ட் வில்மர் அணிக்கும் நடக்கவிருக்கும் ஐஸ் ஹாக்கி ஆட்டத்துக்கான பெயர்களை வெளியிட்டிருந்தீர்கள். நம் அணியின் கோல்கீப்பர் என்று மருந்துக்கடைக்காரர் பெயர் இருக்கிறது. அவர் ஐஸ்மேல் நின்று நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான், அதுவும் கடை வாசலில், நின்றது மிகச் சொற்ப நேரம். என் தம்பி தௌனோ கைவோலாவின் பெயர் இல்லை. விட்டுப்போயிருக்கும் என்று எண்ணி உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். விழாக் குழுவின் தலைவரும் நீங்களே என்பதால் விஷயம் சுலபமாக முடியும் என்று நினைத்தேன். நீங்கள் நாற்காலி கொடுத்தீர்கள், அதற்கு நன்றி. பிறகு சொன்னீர்கள்: "டீச்சர், கோவிச்சுக்காதீங்க. தௌனோ பேரைச் சொன்னாலே இந்த ஊர்ல பாதிப் பேரு சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வச்சிடுவாங்க." எட்டுக் குளிர்காலம் அவன் உங்கள் அணியில் சம்பளம் வாங்கியவன் என்று நினைவூட்டினேன். "வாங்கினான், இல்லேங்கலை. எங்களுக்காக ஒரு நிமிஷமாவது ஆடினானா, சொல்லுங்க?" என்று கேட்டீர்கள். எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்கான பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். பிரசுரிப்பீர்கள் என்றும் எதிர்பார்க்கிறேன்.

உங்களுக்குத் தெரியாத விதி அல்ல, ஊர்தான் மறந்துவிட்டது. ஓர் அணிக்கு ஒரே கோல்கீப்பர்தான். அவர் முகத்தில் ஆட்டத்தின் ரப்பர் வட்டு பட்டால், டாக்டர் தைத்து முடிக்கும்வரை ஆட்டம் நிற்கும். தையலோடு அவரே திரும்பி வந்து நிற்பார். தைத்தும் பயனில்லை என்ற நிலைமை வந்தால் பயன்படட்டும் என்று, உள்ளூர் அணி ஒரு கோல்கீப்பரைப் பார்வையாளர் வரிசையில் உட்கார்த்தி வைத்திருக்க வேண்டும். எந்த அணியின் ஆள் விழுந்தாலும் அந்த அணிக்கு அவர்தான் ஆட வேண்டும். போர் முடிந்த வருஷம் என் தம்பி கையெழுத்துப் போட்டது இந்த வேலைக்குத்தான். தொழில்முறை ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரன் என்று ஒப்பந்தத்தில் தெளிவாகவே இருந்தது. என் தாயார் அதை அடுப்பங்கரையில் சட்டம் போட்டு மாட்டினார். வெளியூர் ஆட்டங்களுக்கு அந்தந்த ஊரிலேயே ஆள் இருப்பார்கள் என்பதால் இவனுக்குப் பயணமே கிடையாது. மற்ற வீரர்கள் பஸ்ஸில் பனிப்புயலில் மாட்டிக்கொண்டு ஒருவரையொருவர் வெறுக்கக் கற்றுக்கொண்ட காலத்தில், இவன் வீட்டில் விறகு பிளந்துகொண்டிருந்தான். உள்ளூர் ஆட்டம் நடக்கும் நாளில் கோட்டுக்கு அடியில் பாதி உடுப்போடு போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சாசேஜ் தின்பான். யாரும் போதுமான அளவு அடிபடவில்லை. வருஷத்துக்கு வருஷம் சாசேஜ் மட்டும் தன் வேலையைச் செய்தது, அவனுடைய இடுப்புவார் இரண்டு முறை மாற்றப்பட்டது.

ஆனால் காலைப் பயிற்சியில் அவன்தான் வலைக்கு முன்னால் நின்றான். உங்கள் நிரந்தர கோல்கீப்பரின் முகத்தைக் காலை வேளையில் வீணாக்க வேண்டாம் என்று, அணியில் ஆடிய நீங்கள் எல்லோரும் இவன் மீது அடித்துப் பழகினீர்கள். என் தம்பியின் முன்பற்களில் இரண்டு உங்கள் கைவண்ணம். இதைக் குறையாகச் சொல்லவில்லை, முகவரி சரியாக இருக்கட்டும் என்று சொல்கிறேன். எட்டுக் குளிர்காலம் உங்கள் ஒவ்வொருவரின் அடியையும் அவன் வாங்கினான். யார் எந்தப் பக்கம் அடிப்பார் என்பது அவனுக்கு மனப்பாடம். நீங்கள் இடது தோளுக்கு மேலே குறிவைப்பதற்கு முன் நாக்கின் நுனியை வெளியே நீட்டுவீர்களாம். எனக்கு ஆச்சரியமில்லை. லத்தீன் வகுப்பில் ஐந்தாம் வேற்றுமையைச் சொல்வதற்கு முன்னாலும் அப்படித்தான் செய்வீர்கள்.

இனி, ஃபோர்ட் வில்மருடன் நம் ஊரில் நடந்த 1953 இறுதி ஆட்டம். இருபது நிமிஷப் பகுதிகள் மூன்றில் இரண்டாவது தொடங்கும்போது அணிக்கு ஒரு கோல். ஃபோர்ட் வில்மர் கோல்கீப்பரின் தாடையில் வட்டு பட்டது. டாக்டர் பார்த்துவிட்டு ஊசியைத் திரும்பப் பையில் வைத்துவிட்டார். நம் கோச் லக்ருவா, முகத்தில் மறைக்க முடியாத சந்தோஷத்தோடு படியேறி வந்து, "எழுந்திருடா தௌனோ, அவங்களுக்கு ஆள் வேணுமாம்" என்றார். தம்பி கையிலிருந்த சாசேஜைப் பார்த்தான். "தின்னுட்டே வா, ஒண்ணும் அவசரமில்ல" என்றார் லக்ருவா. ஃபோர்ட் வில்மர் கோச் இவனை மேலும் கீழும் பார்த்து, பிறகு அகலத்தையும் பார்த்து, "ஏய்யா, வேற யாரும் இல்லையா?" என்றார். "பிரமாதமான ஆளுங்க இவன், எங்க ஊர்ப் பிள்ளை!" என்று சிபாரிசு செய்தவர் லக்ருவாவேதான். அவர்களுடைய பச்சை ஜெர்சி இவனுக்கு வயிற்றோடு நின்றுவிட்டது. லக்ருவா இவன் தோளில் கை போட்டு, மூன்று வரிசைக்குக் கேட்கும் ரகசியக் குரலில், "விசேஷமா ஒண்ணும் பண்ணிடாதடா. பிராக்டிஸ்ல நிக்கிற மாதிரியே நில்லு, அது போதும்" என்றார். நான் பக்கத்தில் இருந்தேன். கோச் அவனுக்கு இட்ட ஆணை இவ்வளவுதான்.

அவன் பயிற்சியில் நிற்கிற மாதிரியே நின்றான். பயிற்சியில் அவன் எல்லாவற்றையும் பிடிக்கிறான் என்பதை எட்டுக் குளிர்காலத்தில் ஒருவரும் கவனித்திருக்கவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. நாற்பது நிமிஷம் நீங்கள் அடித்தீர்கள், அவன் பிடித்தான். இதற்கிடையில் அவர்கள் ஒன்று போட்டுவிட்டார்கள். ஜனங்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு "தௌனோ, போதும்டா விளையாட்டு!" என்றார்கள், பிறகு "டேய், நீ எந்த ஊருடா?" என்று கேட்டார்கள். கடைசி நிமிஷத்தில் நீங்கள் தனியாக வட்டோடு வந்தீர்கள். நாக்கு வெளியே வந்தது. தம்பி இடது பக்கம் எழும்பினான். வட்டு அவன் நெற்றியில் பட்டுக் கீழே விழுந்தது, அதன்மேல் அவன் விழுந்தான். "எந்திரிடா பாவி, நகரு!" என்று ஊரே கத்தியது. அவன் நகரவில்லை, மயக்கத்தில் இருப்பவன் நகர முடியாது. கோப்பை ஃபோர்ட் வில்மருக்குப் போயிற்று. மறுநாள் ஒப்பந்தம் ரத்தாயிற்று. அந்த வார இதழில் 'நெற்றியால் செய்த துரோகம்' என்று தலைப்பு வந்தது. எழுதியவர் நீங்கள்.

அதன்பின் நடந்ததை ஊர் அறியும். முடிதிருத்தும் ஓவிலா, "உக்காரு தௌனோ, உள்ளூர்க்காரங்க எல்லாம் முடியட்டும், கூப்பிடறேன்" என்கிறார். ஒரு தடவை வாசலில் போய்க்கொண்டிருந்தவரையும் உள்ளே கூப்பிட்டு வெட்டிவிட்டார். தேவாலயத்தில் ஆராதனைக்குப் பிறகு காப்பியோடு வரும் ஏலக்காய் ரொட்டித் தட்டு, இவன் தலைக்கு மேலாக உயர்ந்து அந்தப் பக்கம் இறங்குகிறது. போதகர் யூதாஸைப் பற்றிப் பேசும் ஞாயிறுகளில் எங்கள் பெஞ்சை மட்டும் பார்ப்பதில்லை. அது பார்ப்பதைவிட மோசம். காகித ஆலையில் இவனுடன் வேலை செய்பவர்கள் இவன் பச்சை சட்டை போட்டு வந்தால் சங்கு ஊதுவதாகக் கேள்வி. இவன் ஒன்றுமே சொல்வதில்லை. நாங்கள் ஃபின்லாந்திலிருந்து வந்த குடும்பம், வாயைத் திறந்தால் குளிர் உள்ளே போய்விடும் என்று நினைப்பவர்கள். ஆனாலும் ஆறு வருஷமாக ஒரே வீட்டில் இந்த மௌனத்தோடு சாப்பிட்டு வருகிறவள் நான். இது வெறும் மௌனம் இல்லை, துக்கம்.

போன வாரம் ஃபோர்ட் வில்மரிலிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே பச்சை ஜெர்சி, இந்தத் தடவை சரியான அளவில். 'எங்கள் கோல்கீப்பருக்குத் தாடை இன்னும் சரியில்லை, அன்று போலவே வந்து ஆடிக்கொடுங்கள்' என்று ஒரு குறிப்பு. சொந்த ஊர் கூப்பிடவில்லை, எதிரி கூப்பிடுகிறான்! தம்பி அதை விரித்துப் பார்த்தான், மடித்தான், கட்டிலருகே வைத்தான். அன்றிலிருந்து இரண்டாவது கப் காப்பி குடிப்பதில்லை. சாயங்காலம் புதிய அரங்கத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிறான். ஸ்கேட்டைத் தீட்டுகிறான், தீட்டியதையே மறுபடி தீட்டுகிறான். மனிதன் இதைவிடத் தெளிவாக எப்படி அழ முடியும்?

ஆகவே நான் கேட்பது ஒரு சிவப்பு ஜெர்சி. அவன் வாழ்நாளில் ஒரு தடவை, ஒரு பகுதிக்காவது, தன் சொந்த அணியின் உடுப்பில் சொந்த ஜனங்களுக்கு முன்னால் நிற்கட்டும். மருந்துக்கடைக்காரர் மனம் கோண மாட்டார்; கேட்டுவிட்டேன், என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். ஊர் ஏற்காது என்பீர்கள். நீங்கள் எழுதினால் ஏற்கும். ஆறு வருஷத்துக்கு முன் ஒரே தலைப்பில் அவனை வெளியூர்க்காரன் ஆக்கிய உங்களுக்கு, இன்னொரு தலைப்பில் திரும்ப அழைத்துக்கொள்வது கஷ்டமாக இருக்காது.

திருமதி ராஃபர்டியின் இடுப்பு வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் சின்னப் பெண்ணுக்கு என் ஆசிகள். மூத்தவனுக்கு ஆசிகளும், அடுத்த திங்கட்கிழமை லத்தீன் வினைச்சொற்களைப் படித்துவிட்டு வரவேண்டும் என்ற நினைவூட்டலும்.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும்,
ஹில்யா கைவோலா

பி.கு.: உறையில் போடுவதற்கு முன், சம்பந்தப்பட்டவன் என்பதால், கடிதத்தைத் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டான். காப்பியைத் தட்டில் ஊற்றி ஆற்றிக் குடித்தான். பிறகு, "யாரு உன்னைச் சிவப்பு ஜெர்சி கேக்கச் சொன்னாங்க?" என்றான். நீ அதற்காகத்தானே ஏங்குகிறாய் என்றேன். "அதைப் போட்டுக்கிட்டா நம்ம டீம்காரனுங்க என்மேல அடிக்க மாட்டானுங்களே அக்கா. எட்டு வருஷம் அவனுங்க அடிச்சதெல்லாம் பிடிச்சேன். பிராக்டிஸ்னு ஒருத்தனும் எழுதி வைக்கலை. அன்னைக்கு ஒரு நாள்தான் நான் பிடிச்சது ஸ்கோர் போர்டுல ஏறுச்சு." அப்படியானால் ஆறு வருஷமாக வருத்தப்பட்டாயே என்றேன். "நானா?" என்றான். வாயே திறக்கவில்லையே என்றேன். "அதுக்கு முன்னாடி எப்ப திறந்தேன்?" என்று கேட்டான். யோசித்துப் பார்த்தேன். சரிதான். ஃபோர்ட் வில்மருக்கு வருவதாக அன்றே பதில் போட்டுவிட்டானாம். காப்பியைக் குறைத்தது வயிற்றைக் குறைக்க.

எனவே மேலே உள்ள எதையும் பிரசுரிக்க வேண்டாம். சிவப்பு ஜெர்சியும் வேண்டாம். மருந்துக்கடைக்காரரிடம் வருத்தம் தெரிவித்துவிடுங்கள். தம்பி உங்களிடம் கேட்கச் சொன்னது ஒன்றே ஒன்று: முழங்கால், முதுகு என்று சாக்குச் சொல்லாமல் நீங்கள் கட்டாயம் ஆட்டத்தில் இறங்க வேண்டும். நீங்கள் இல்லாவிட்டால் ஆடுவதில் அர்த்தமில்லை என்கிறான். இதுவரை அவன் யாரைப் பற்றியும் இவ்வளவு அன்பாகப் பேசி நான் கேட்டதில்லை.

உள்ளூர்ப் பக்கத்தில் ஆசிரியர்களுக்கு ஒதுக்கியிருக்கும் இருக்கைகளில் என்னுடையதை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன்.