சிக்கன எதிரொலி

நெருப்பையும் சக்கரத்தையும் யார் யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். எதிரொலியைச் சிக்கனப்படுத்தும் பெரும்பேறு மட்டும் மடகாவ் ஊரில் உள்ள எங்கள் கம்பெனிக்காகக் காத்திருந்தது.

கடவுள் எதிரொலியைப் படைத்தபோது கணக்குப் பார்க்கவில்லை. ஒரு சொல் சொன்னால் சுவர், கூரை, தூண் என்று ஆயிரம் இடத்தில் மோதித் திரும்புகிறது. அத்தனையையும் கணக்கிட்டால் கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்டும். எங்கள் முதலாளி எல்வினோ, தான் எழுதிய செயற்கை எதிரொலி மென்பொருளில், முதல் சில மோதல்களை மட்டும் ஒழுங்காகக் கணக்கிட்டார். மீதியை, வாலைத் துரத்தும் நாய் போல வட்டமாகச் சுற்றவிட்டார். மெல்லிய ஒலி வந்தால் மென்பொருள் கண்டுகொள்ளாமல் தூங்கிவிடும். இதற்குப் பெயர் 'திறன்'.

எங்கள் ஊர்த் தேவாலயத்தில் பலூன் உடைத்து, அதன் எதிரொலியைப் பதிவு செய்தோம்.

"இனிமே இது கூரையில இருக்கணும்னு அவசியமில்ல ஃபாதர், என் பெட்டிக்குள்ள இருக்கு, பாடினா ஸ்பீக்கர் வழியா வரும்," என்றார் எல்வினோ. "தாராளமா ஃபால்ஸ் சீலிங் போட்டு ஏ.சி. மாட்டுங்க."

வியர்வையில் நனைந்திருந்த ஃபாதர் கயெத்தானுக்கு அக்கணமே ஞானம் பிறந்தது.

பாடகர் குழுத் தலைவி எஸ்கொலாஸ்திகா மட்டும் எதிர்த்தாள். தவக்காலப் பாட்டில் ஒரு வரியை மெல்லப் பாடி, அது கூரையிலிருந்து இறங்கி வரக் காத்திருந்து, அதன் மேலேயே அடுத்த வரியைப் பாடுவது அவள் வழக்கம்.

"எல்வினோ பாபா, நான் அதோட சேர்ந்துல்ல பாடுறேன்! கூரைய மூடிட்டா நான் யாரோட பாடுவேன்?"

"ஆன்ட்டி, உங்க கூரை மழைக்கு ஒரு மாதிரி, வெயிலுக்கு ஒரு மாதிரி பாடும். நம்மளோடது மாறவே மாறாது."

"பொணம்கூடத்தான் மாறாது!"

பங்குக் குழு இதை 'ஆக்கபூர்வமான ஆலோசனை' என்று பதிவு செய்துகொண்டு, கூரையை மூடியது.

புனித வெள்ளி. உள்ளே குளுகுளுவென்று இருந்தது. எஸ்கொலாஸ்திகா முதல் வரியை மெல்லப் பாடிவிட்டுக் காத்திருந்தாள். மென்பொருள் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் காத்திருந்தாள். சபையே காத்திருந்தது.

அப்போது முன்வரிசையில் எல்வினோ தும்மினார்.

ஸ்பீக்கர்கள் அந்தத் தும்மலை வாரி எடுத்து, தூண் தூணாகச் சுற்றி, பரலோகம்வரை கொண்டுபோய், பையப் பைய இறக்கின. பின்னாலிருந்து யாரோ "ஆமென்" என்றார்கள். தொழில்நுட்ப ரீதியாக அது மாபெரும் வெற்றி.

எஸ்கொலாஸ்திகா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தாள். குழுவும் பின்னாலேயே போனது. முற்றத்துக் கல்கிணற்றில் குனிந்து அதே வரியைப் பாடினாள். கிணறு நிதானமாகத் திருப்பிப் பாடியது. அதன் மேல் அவள் அடுத்த வரியைப் பாடினாள். ஏ.சி.யில் இருந்த ஜனமெல்லாம் எழுந்து வந்து வெயிலில் நின்றது. ஃபாதர் மண்ணிலேயே முழங்காலிட்டார்.

எல்வினோவும் எட்டிப் பார்த்தார். உருகிவிட்டார் என்றே நினைத்தேன்.

"இதுக்கு மூடி கிடையாதா?" என்று கேட்டார்.

பங்குக் குழுவின் அடுத்த கூட்டத்திலேயே, 'குழந்தைகளின் பாதுகாப்பு' கருதி, கிணற்றுக்குக் காங்கிரீட் மூடி போடத் தீர்மானமாயிற்று. செலவு முழுக்க எங்கள் கம்பெனியின் அன்பளிப்பு. மனித உயிரின் அருமை தெரிந்தவர்கள் நாங்கள். இனி அதில் எந்தக் குழந்தையும் விழாது. எந்தப் பாட்டும் எழாது.