தகர டப்பா குரலும் என் சிரித்த முகமும்

வீடியோ கேம் ஆடுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. சும்மா ஆடுகிறவர்கள் ஒரு வகை. ஆடிக்கொண்டே கருத்துச் சொல்கிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகைக்காரர்கள் ஆட்டத்தில் தோற்றால் விஷயம் அதோடு முடிந்தது. நான் இரண்டாவது வகை. நாங்களெல்லாம் ஆட்டம் முடிந்த பிறகுதான் தோற்கவே ஆரம்பிப்போம்.

எனக்குக் கருத்து இல்லாத கேமே கிடையாது. அப்பாவின் பழைய பட்டன் போனில் இருந்த பாம்பு கேமைப் போல நேர்மையான கேம் உலகத்தில் இல்லை. தின்றால் வளர்வாய், வளர்ந்தால் உன் வாலிலேயே முட்டிச் சாவாய் என்று முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். பண்ணை கேம் அதற்கு நேர் எதிர். நைச்சியமாகப் பேசியே ஆளை அடிமையாக்கிவிடும். (வீட்டுக் கறிவேப்பிலைச் செடிக்கு ஒரு குவளை தண்ணீர் ஊற்றாதவள், கணக்கு டியூஷன் நடுவில் பாத்ரூம் போகிறேன் என்று எழுந்துபோய்ப் போனில் கத்தரிக்காய் பறித்திருக்கிறேன்.) கார் பந்தய கேமெல்லாம், எங்கள் ஹைதராபாத்தின் பாலாநகர் சாலையில் ஒருமுறை ஸ்கூட்டி ஓட்டியவர்களுக்குச் சப்பென்று இருக்கும். மிட்டாய் உடைக்கிற கேமைக் கேம் என்று நான் ஒப்புக்கொள்வதே இல்லை. துப்பாக்கி கேமில் எனக்குச் சுடுவதைவிடக் கூட ஆடும் பையன்களின் பேச்சுதான் பிடிக்கும். "இதர் ஆனா நக்கோ ரே!" (இந்தப் பக்கம் வராதீங்கடா) என்று ஒருவன் ஹைதராபாத் ஹிந்தியில் கத்துவான். மற்ற எல்லோரும் சரியாக அங்கேயே போய்ச் சாவார்கள்.

இந்தக் கருத்துகளை எல்லாம் நான் சத்தமாக, தமிழில் சொல்வேன். இந்தப் பழக்கம் அம்மாவிடமிருந்து வந்தது.

எங்களுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி. அப்பாவுக்குப் பாலாநகரில் ஒரு மத்திய அரசு தொழிற்சாலையில் வேலை, அங்கேயே குவார்ட்டர்ஸ். நான் பிறந்ததிலிருந்து ஹைதராபாத்தான். பள்ளியில் தெலுங்கு, தெருவில் ஹிந்தி, வீட்டுக்குள் மட்டும் தமிழ். அம்மாவுக்கோ தமிழ் என்பது வெளியே எடுத்துப் போகிற ரகசிய ஆயுதம். துணிக்கடையில் உட்கார்ந்து கடைக்காரரைப் பார்த்து அன்பாகச் சிரித்தபடியே என்னிடம் சொல்வாள்: "ஏட்டி, இவன் முழியே சரியில்ல. இந்தச் சேல ரெண்டு தண்ணிக்குத் தாங்காது. மெதுவா எந்திரி." கடைக்காரரும் பதிலுக்குச் சிரித்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்புவார். இதற்கு அம்மா வைத்திருந்த விதி ஒன்றே ஒன்றுதான். "என்ன வேணா பேசு, மொகத்துல சிரிப்பு மட்டும் கொறயக் கூடாது." இந்த ஊரில் எத்தனையோ தலைமுறையாகத் தமிழர்கள் இருக்கிறார்கள் என்பது எங்கள் இருவருக்கும் ஏனோ உறைத்ததே இல்லை.

அப்பாவுக்குக் கேம் என்றாலே ஆகாது. என் மூக்குக் கண்ணாடி, கணக்கு மார்க், தலைவலி எல்லாவற்றுக்கும் அதைத்தான் காரணமாகச் சொல்வார். நான் டிகிரி முடித்து, அமீர்பேட்டில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் கோர்ஸும் முடித்து, வேலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த சமயம் பேகம்பேட்டில் ஒரு சின்ன கேம் கம்பெனியிலிருந்து இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்தது. கேம் டெஸ்டர் வேலை. "கேம் ஆடுறதுக்கா சம்பளம் குடுக்கான்?" என்று அப்பா நம்பாமல் திரும்பத் திரும்பக் கேட்டார். நம்பியதும் குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லிவிட்டார். அன்று மாலை என்னை உட்காரவைத்து ஒரு ஒப்பந்தம் போட்டார்.

"இந்த வேல கெடச்சுட்டா இனி உன் கேமப் பத்தி நான் வாயத் தொறக்க மாட்டேன். கெடைக்கலன்னா, ஒழுங்கா பேங்க் பரிட்சைக்கு உக்காந்து படிக்கணும். சரியா?"

சரி என்றேன். அத்தனை வருஷம் நான் ஆடியதெல்லாம் வீணா இல்லையா என்பது அந்த ஒரு நாளில் முடிவாகப் போகிறது என்று தோன்றியது.

பழைய ஏர்போர்ட் பக்கம் ஒரு சந்தில், மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். கிஷோர் என்ற மேனேஜர் வரவேற்றார். தெலுங்குக்காரர், தங்கமான மனிதர். அவர்கள் புதிதாகத் தயாரித்துக்கொண்டிருந்த கேமை ஒரு போனில் போட்டு என் கையில் கொடுத்தார். ஒரு ஆன்ட்டி டிபன் சென்டர் நடத்துகிறார். வருகிற கஸ்டமர்களுக்கு நாம் தோசை, இட்லி, சாம்பார் கொடுத்துத் திருப்திப்படுத்தி அனுப்ப வேண்டும்.

"ஆடும்போது மனசுல என்ன தோணுதோ எல்லாத்தையும் வாய்விட்டுச் சொல்லுங்க, ரெக்கார்டு ஆகும்" என்று தெலுங்கில் சொன்னார் கிஷோர். "எந்த பாஷையிலே யோசிக்கிறீங்களோ அந்த பாஷையிலேயே பேசலாம். தெலுங்கா, ஹிந்தியா?"

"தமிழ்" என்றேன்.

"சூப்பர்! தமிழே பேசுங்க" என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

அந்த இடத்தில் புத்தியுள்ள ஒருத்திக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். எனக்கு வந்ததோ சுதந்திரம். முகத்தில் அம்மா சொன்ன சிரிப்பை மாட்டிக்கொண்டேன். முதல் தோசை வந்தது.

"தோசையா இது? அப்பளத்தப் பொரிச்சு வச்சிருக்கான்" என்றேன், சிரித்தபடி. கிஷோர் தலையாட்டினார். "இவரு என்னத்துக்கு இப்படித் தலைய ஆட்டுதாரு? ஒரு எழவும் புரியல மனுசனுக்கு. பாவம், நல்லா சிரிக்காரு." கிஷோர் இன்னும் நன்றாகச் சிரித்து, "நைஸ், நைஸ், கன்டின்யூ" என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அதற்குள் அந்த டிபன் சென்டர் ஆன்ட்டி "போதுமா? இன்னொண்ணு வைக்கட்டுமா?" என்று ஒவ்வொரு கஸ்டமரிடமும் கேட்க ஆரம்பித்தார். கேமுக்குள் அந்த ஒரு வரி மட்டும் தமிழில் இருப்பதையாவது நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கிற ஆளா நான்?

"அய்யய்ய, இது என்ன கொரலு! தகர டப்பாவுல கல்லப் போட்டு உருட்டுன மாதிரி இருக்கு. இந்தக் கொரலக் கேட்டா வச்ச இட்லிய அப்படியே போட்டுட்டு ஓடிருவானே! முழியப் பாரு, கஸ்டமரத் திங்கப் போற மாதிரி. இதுக்கு எங்க அம்மா சாம்பாரே தேவல." வாய் சூடுபிடித்துவிட்டது. கேம் முடிந்து, என் சொந்தக் கதைக்கு வந்தேன். "எனக்கும் டெஸ்டிங் ஒரு மண்ணும் தெரியாது. அமீர்பேட்ல கிளாசுல ஏசி நல்லா இருந்துச்சு, நல்லாத் தூங்குனேன். இவங்களும் கேம் பண்ணத் தெரியாதவங்கதான். நமக்குப் பொருத்தம் பிரமாதம்."

பக்கத்து அறைக் கதவு திறந்தது. காட்டன் சுடிதாரில், கழுத்தில் ஹெட்போன் தொங்க, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா வந்து நின்றார்.

"ஏட்டி" என்றார். "சாம்பார்ல உப்பு கூடயா, கொறச்சலா? அத மட்டும் சொல்லாம விட்டுட்டியே."

அப்படியே அம்மா பேசுகிற தமிழ். போன் நழுவி மடியில் விழுந்தது. சிரிப்பு மட்டும் முகத்தைவிட்டு இறங்கவில்லை. எவ்வளவோ முயன்றேன், அது பாட்டுக்கு இளித்துக்கொண்டே இருந்தது.

"நமக்கு எந்த ஊரு?"

"திருநெல்வேலி... பாளையங்கோட்டை பக்கம், ஆன்ட்டி." (ஆமாம். கம்பெனி முதலாளியை ஆன்ட்டி என்றேன்.)

"எங்களுக்கு நாசரேத், உங்க ஊருப் பக்கந்தான். நான் பொறந்ததே செகந்திராபாத்லதான். எம் பேரு பிரிசில்லா. இந்த கேம் நான் பண்ணுனது." ஒரு நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தார். "அந்தத் தகர டப்பா கொரலு எங்க அம்மாவோடது. எண்பது வயசாகுது. தமிழ்லதான் சொல்லுவேன்னு அடம்புடிச்சு, ஆசையாப் பேசிக் குடுத்தாங்க."

அந்த நிமிடம் நான் பட்ட அவமானத்தை இன்றைக்கு நினைத்தாலும் கழுத்து வரை சூடாகிறது. ஒரு வயதான அம்மா ஆசை ஆசையாகப் பேசியதை, அவருடைய மகள் காதிலேயே டப்பா என்றிருக்கிறேன். அதுவும் சிரித்துக்கொண்டே.

நடந்தது எதுவும் புரியாத கிஷோர், "அரே, ரெண்டு பேரும் தமிழா? சூப்பர்!" என்று கைதட்டினார்.

பிரிசில்லா மேடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "தோசை அப்பளம் மாதிரி இருக்குன்னு சொன்னேல்லா, அது நெசந்தான். மாத்தணும். நீ சொன்னதுல பாதி எனக்கு உபயோகம். ஆனா வேல தர முடியாதும்மா. டெஸ்டிங் தெரியாதுன்னு நீயே ரெக்கார்டுல சொல்லிட்ட பாரு" என்றார். பிறகு, வெயிலில் வந்திருக்கிறாய் என்று மோர் வரவழைத்துக் கொடுத்தார். அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் படியிறங்கி ஓடினேன்.

வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா முதலில் கேட்டது: "சிரிச்சுக்கிட்டுதான சொன்ன?"

"ஆமா."

"பொறவு எப்படித் தெரிஞ்சுச்சு?" விளக்கிச் சொன்னேன். "அப்போ அந்தத் துணிக்கடைக்காரன்..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அப்பா வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பெத்த மக முன்னால அந்த அம்மா கொரல அப்படியாம்மா சொல்லுவ?" என்றார். அவ்வளவுதான். குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லிவைத்திருந்த மனிதர், அடுத்த பல நாள் வாக்கிங் போகும் வழியை மாற்றிக்கொண்டார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அந்த வேலை கிடைக்காததைவிட வலித்தது. வாய் திறக்காமல் உட்கார்ந்து பேங்க் பரீட்சைக்குப் படித்தேன்.

அடுத்த வருஷம் அந்த கேம் வெளியானது. அப்பாதான் ஆர்வம் தாங்காமல் தன் போனில் இறக்கினார். தோசை இப்போது தோசை மாதிரியே இருந்தது. ஆன்ட்டியின் முழியையும் மாற்றியிருந்தார்கள். புதிதாக ஒரு கஸ்டமர் வேறு வந்திருந்தாள். மூக்குக் கண்ணாடி, ஒட்டவைத்த மாதிரி ஒரு சிரிப்பு. அவள் எதைக் கொடுத்தாலும் சிரித்துக்கொண்டே "தோசையா இது? அப்பளம்!" என்பாள். "இதுக்கு எங்க அம்மா சாம்பாரே தேவல" என்பாள். அவளுக்குக் குரல் கொடுத்திருந்தது அதே தகர டப்பா. மகள் என் ரெக்கார்டைத் தன் அம்மாவுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். எண்பது வயதில் அந்த அம்மா என் வார்த்தையை வைத்தே என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்.

கேமே ஆகாது என்றிருந்த அப்பா இப்போது தினமும் அதை ஆடுகிறார். ரிட்டயர் ஆன பிறகு கேட்கவே வேண்டாம். எல்லாக் கஸ்டமர்களையும் திருப்திப்படுத்திவிடுகிறார். அவளை மட்டும் முடியவில்லை. "ஏம்மா, நீ எதுக்குத்தான் திருப்தியாவ?" என்று போனைப் பார்த்துக் கேட்பார். நான் பையை எடுத்துக்கொண்டு என் பேங்க் வேலைக்குக் கிளம்பிவிடுவேன்.

இன்றும் வீட்டில் நான் சாம்பாரை ஒரு வாய் வைத்தவுடன், அப்பா தொண்டையைத் தகரமாக்கிக்கொண்டு கேட்பார்: "உப்பு கூடயா, கொறச்சலா?" நான் சிரித்துக்கொண்டே சாப்பிடுகிறேன்.

உடனே அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிடுகிறாள். "ஏட்டி, சிரிக்காத. என்னன்னு சொல்லிரு."