ரூத்துக்குப் போர்த்திய பொன்னாடை

எதுவும் படிக்காமல் பேசுவது எளிது. பாதி படித்துவிட்டுப் பேசுவது அதைவிட எளிது. இரண்டாவதில் நான் கைதேர்ந்தவள்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். வன்னியில் வளர்ந்த அப்பாவும் அம்மாவும் வயலுக்குப் போனார்களே தவிர வகுப்புக்குப் போனதில்லை. இந்தச் செய்தியை நான் சொல்லாத ஆள், நாங்கள் இருக்கும் லண்டனின் பார்க்கிங் வட்டாரத்தில் இல்லை. (பஸ் சாரதிகள் உட்பட.)

அப்போது வரலாற்று ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். கனடாவின் பூர்வகுடி மக்களைப் பற்றி ஒரு பாடம் நடத்தவேண்டும். வழிகாட்டி ஆசிரியை பின்வரிசையில் இருந்து மதிப்பிடுவார். அதில் தேறினால்தான் பயிற்சி முடியும். அந்த மக்களில் கிரீ என்னும் இனத்தைச் சேர்ந்த, லண்டனில் வாழும் ரூத் என்பவரைப் பேச அழைத்தேன். அவர் தொலைபேசியில், "எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடத்தைப் பார்த்தது என் அம்மா. அவரைப் பற்றித்தான் பேசுவேன்" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம்முடைய ஆள்!

ஓடங்கள், மணிவேலைப்பாடு, ஒப்பந்தங்கள் என்று எல்லாம் படித்தேன். பூர்வகுடிப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளிகளைப் பற்றியும் நீண்ட அத்தியாயம் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடம்தானே, எனக்குத் தெரியாததா என்று தாண்டிவிட்டேன்.

"அவவை வெறுங்கையோடயே வரவேற்கப் போறாய்?" என்றார் அம்மா.

"இது ஸ்கூல், அம்மா. கலைவிழா இல்லை."

"ஸ்கூல் எண்டால் இன்னும் வடிவாச் செய்யவேணும்."

எங்கள் விழாக்களில் மைக் திருத்த வந்தவருக்கும் பொன்னாடை உண்டு. பக்கத்து இல்ஃபோர்டுக் கடைத்தெருவில் அகலச் சரிகை வைத்த ஒன்றை வாங்கினோம்.

வகுப்பில் நான் முழங்கினேன். "கல்விதான் நம்மை விடுதலை செய்கிறது! என் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். ரூத்தின் குடும்பத்தில் அவருடைய தாய். அந்தத் தாயின் துணிச்சலுக்கு இந்தப் பொன்னாடை!" போர்த்தினேன். கைதட்டச் சொன்னேன். வகுப்பு அதிரத் தட்டியது. (வழிகாட்டி ஆசிரியை மட்டும் தட்டவில்லை. உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்தேன்.)

ஓசை அடங்கும்வரை ரூத் காத்திருந்தார்.

"அம்மா போகவில்லை," என்றார். "கொண்டுபோனார்கள்."

அவருடைய தாய்க்கு அப்போது ஆறு வயது. ஊருக்குள் ஓர் அரசாங்க வாகனம் வந்தது. பிள்ளைகளைக் கொடுக்க மறுத்தால் பெற்றோருக்குச் சிறை. பள்ளியில் முதல்நாளே பின்னலை வெட்டினார்கள். தாய்மொழியில் பேசினால் அடித்தார்கள். அவருடன் போன தங்கை வீடு திரும்பவேயில்லை. ரூத் குரலை உயர்த்தவே இல்லை. என் சரிகை மட்டும் அவருடைய தோளில் மினுங்கிக்கொண்டிருந்தது.

முன்வரிசைப் பெண் ஒருத்தி கை உயர்த்தினாள். "மிஸ், அப்போ நாங்கள் எதற்குக் கைதட்டினோம்?"



"எனக்குத் தெரியாததால்," என்றேன். "அந்த அத்தியாயத்தை நான் படிக்கவில்லை." ரூத்திடம் மன்னிப்புக் கேட்டேன். பொன்னாடையை எடுத்துவிடவா என்றும் கேட்டேன்.

அவர் சரிகையை விரலால் தடவிப் பார்த்தார். "வேண்டாம். இது அம்மாவுக்கே இருக்கட்டும். பள்ளிக்கூடம் போனதற்கு அல்ல, திரும்பி வந்ததற்கு."

இந்த முறை யாரும் கைதட்டவில்லை. மணி அடித்தபோதும் பிள்ளைகள் எழும்பவில்லை.

வழிகாட்டி ஆசிரியையின் தீர்ப்பு சுருக்கமாக இருந்தது: "அருமையான பாடம். நடத்தியது நீ அல்ல." இரண்டு கிழமை கழித்து, அந்த அத்தியாயத்தை முழுவதும் படித்துவிட்டு வேறொரு வகுப்புக்கு மறுபடி நடத்தித்தான் தேறினேன்.

நடந்ததை வீட்டில் சொன்னபோது தம்பிக்குச் சிரிப்பில் தேத்தண்ணி புரையேறியது. அம்மா சிரிக்கவில்லை.

"ரூத்தின்ர தாய் பிறகு தன்ர பாஷை கதைச்சவவோ?"

"கதைச்சவவாம், அம்மா. கதவைச் சாத்திப்போட்டுத்தானாம்."

அம்மா எழும்பி, குசினியில் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் என்னிடம் நல்ல செய்தியை நேராகச் சொல்வதில்லை. போன மாதம் தம்பிக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. வாழ்த்த நான் வாயைத் திறக்குமுன் கையை உயர்த்தினான்.

"அக்கா, பொறு. நான் நானாத்தான் போறன். ஒருத்தரும் பிடிச்சுக்கொண்டு போகேல்லை. ஓம், இப்ப வாழ்த்து."