வீட்டுப்பாடத்தில் குத்திய கடை முத்திரை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரியும் வேளைக்குச் சாப்பிட்டு, சண்டையை வாரத்துக்கு ஒன்றோடு நிறுத்திக்கொண்டு, சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் மாமாவும் கடையில் இருக்கிற இரண்டு தையல் மெஷின்களும் சுகம். உன் மகளின் சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை. அவளால் மற்றவர்கள் சுகம்தான் கெட்டுக் கிடக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன்னைத் திட்டுவதற்கு முன்னால் என் வெட்கக்கேடு ஒன்றை நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உன் மகளுடைய இங்கிலீஷ் நோட்டில் தினமும் பக்கத்தின் அடியில் ஒரு கோடு இருக்கும். வீட்டுப் பெரியவர்கள் படித்துப் பார்த்தோம் என்று கையெழுத்துப் போடுகிற கோடு. இரண்டு மாதமாக நான்தான் போடுகிறேன், ஒரு எழுத்துகூடப் படிக்காமல். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். இங்கிலீஷ் எழுத்தெல்லாம் எனக்குக் கொக்கியும் ஊக்குமாகத்தான் தெரியும். அதைப் போய் மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? நோட்டைக் கைக்கெட்டிய தூரத்தில் பிடித்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, நடுநடுவே "ம்ம்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுவேன். வெறும் கையெழுத்து எடுப்பாக இல்லையே என்று பக்கத்தில் கடை ரப்பர் முத்திரையையும் ஒரு குத்து.

"இந்த ஒரு வருஷம் மட்டும் பாத்துக்க அக்கா, அடுத்த வருஷம் நாங்க திரும்பி வந்துடுவோம்" என்று வெளியூர் வேலைக்குக் கிளம்பும்போது நீ கண்ணைக் கசக்கிக்கொண்டு விட்டுப்போனாயே, அப்போது பிள்ளை வாயே திறக்கவில்லை. தங்கமான பிள்ளை என்று நினைத்தேன். பிறகு இங்கிலீஷ் டீச்சர் வினைச்சொல் பாடத்தை ஆரம்பித்தார். அந்த டீச்சருடைய வழி என்னவென்றால், சொல்லை வாயால் சொன்னால் போதாது, செய்தும் காட்ட வேண்டும். ஜம்ப் என்றால் குதிக்க வேண்டும், சிட் என்றால் உட்கார வேண்டும். வகுப்பில் குதித்ததோடு விட்டிருக்கலாம். வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார். உன் மாமாவின் முட்டி இருக்கிற நிலைமை உனக்குத் தெரியும். ஒரு பெரியவருக்குப் பேண்ட் அளவு எடுத்துக்கொண்டிருந்த மனுஷனைப் பார்த்து "மாமா, ஜம்ப்!" என்றாள். அவர் குதித்தார். அளவு கொடுக்க வந்தவரும் சேர்ந்து குதித்தார். அன்றைக்கு எடுத்த அளவை நம்பித் தைத்த பேண்ட்டை இப்போது அவருடைய பேரன் போட்டுக்கொண்டு திரிகிறான்.

சரி, குதிப்பது உடம்புக்கு நல்லது என்று விட்டேன். அடுத்து வந்தது காலம். நேற்று செய்தது ஒரு மாதிரி, தினமும் செய்வது ஒரு மாதிரி, நாளைக்குச் செய்யப்போவது வேறு மாதிரியாம். கோ என்கிற சொல் நேற்றைக்குப் போனால் வென்ட் ஆகிவிடுகிறதாம். போகிறவன் பேரை மாற்றிக்கொண்டா போவான், கடன்காரனா அவன்? கட் மட்டும் நேற்றும் கட், இன்றும் கட்டாம். அந்த ஒன்றைத்தான் நான் ஒப்புக்கொண்டேன். வெட்டின துணி வெட்டினதுதான், எந்தக் காலத்திலும் ஒட்டாது. "எங்க தொழிலுக்கு நாளைக்குங்கிற ஒண்ணு போதும்டி, அதை வெச்சே இருபது வருஷம் ஓட்டியாச்சு" என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள். இப்போது நினைத்தால் அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

ஏனென்றால் டீச்சருக்கு இன்னொரு கட்டளையும் உண்டு. தினமும் மூன்று வரி எழுத வேண்டும்: வீட்டில் ஒருவர் நேற்று என்ன செய்தார், தினமும் என்ன செய்கிறார், நாளை என்ன செய்வார். மூன்றும் நிஜமாக இருக்க வேண்டும். பொய்யாக எழுதினால் பிள்ளைகளுக்குச் சொல் மறந்துபோகும், நிஜத்தை எழுதினால் மனசில் ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் கண்டுபிடிப்பு. உன் மகள் துணி வெட்டுகிற மேஜைக்கு அடியில் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்துவிட்டாள். ஒரு நாள் மத்தியானம் உன் மாமா மெஷினில் தலையைச் சாய்த்திருந்தார்.

"மாமா, இப்ப என்ன செய்யறீங்க?"

"சும்மா இருக்கேன்மா."

"சும்மா இருக்கிறதை டீச்சர் ஒத்துக்க மாட்டாங்க. ஏதாவது செய்யுங்க."

"மூச்சு விடறேன், எழுதிக்க."

"அது நேத்தே எழுதியாச்சு."

இதெல்லாம் சிரிக்கத்தான் நன்றாக இருந்தது. இனிமேல் வருவதுதான் வயிற்றெரிச்சல். உனக்கே தெரியும், தெருவின் இரண்டு முனையிலும் ரெடிமேட் கடை வந்துவிட்டது. நமக்கு வருவதெல்லாம் பைக்கு ஜிப் மாற்றுவதும் பேண்ட் அடியை மடிப்பதும்தான். இந்த வருஷமும் இப்படியே போனால் உன் மாமாவின் மெஷினை விற்றுவிட வேண்டியதுதான் என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தோம். அந்த நேரத்தில்தான் உன் மகளின் பள்ளிக்கூடத்தில் முந்நூறு பிள்ளைகளுக்கும் புதுச் சீருடை என்று சேதி வந்தது. எந்தக் கடைக்குக் கொடுப்பது என்பது தலைமை ஆசிரியையின் கையில். அந்த அம்மாள் நேரே நம் கடைக்கு வந்து, கருநீலத் துணி ஒன்றைக் கொடுத்து, "முதல்ல எனக்கு ஒரு கோட் தைச்சுக் காட்டுங்க, பாக்கலாம்" என்றார்.

தைத்தேன் தம்பி. என் வாழ்க்கையில் அப்படி ஒரு தோள் வெட்டு விழுந்ததில்லை. கடைசியில் ஒரு தேய்ப்புத்தான் பாக்கி. உன் மாமாவிடம் கொடுத்தேன். தெருவில் இரண்டு பேர் வண்டி நிறுத்துகிற இடத்துக்குச் சண்டை போட்டார்கள். யார் பக்கம் நியாயம் என்று பார்க்கப் போனார் மனுஷன். சூடான தேய்ப்புப் பெட்டியைக் கோட்டின் முதுகிலேயே வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது, சண்டை போட்டவர்கள் சமாதானமாகிவிட்டார்கள். கோட்டின் முதுகில் படகு மாதிரி ஒரு கருப்பு. அதே துணி தேடி நான்கு கடை ஏறி இறங்கினேன், கிடைக்கவில்லை. மிச்சத் துண்டில் ஒரு பட்டி வெட்டி, கருப்பு மறைகிற மாதிரி முதுகில் குறுக்கே வைத்து, இரண்டு பக்கமும் பெரிய பொத்தான் தைத்தேன். தலைமை ஆசிரியை போட்டுப் பார்த்தார். "இதென்ன பட்டி?" என்றார். "இப்ப இதுதாம்மா ஃபேஷன்" என்றேன். கண்ணாடி முன்னால் இரண்டு சுற்றுச் சுற்றினார். முகம் மலர்ந்துவிட்டது. "பிள்ளைங்க சீருடைக்கும் இந்தப் பட்டியை வெச்சுடலாமே" என்றார். நான் உன் மாமாவைப் பார்த்தேன். அவர் தேய்ப்புப் பெட்டியைப் பார்த்தார். ஆர்டர் கையில் விழுந்த மாதிரிதான் என்று இருந்தோம்.

மேஜைக்கு அடியில் ஒருத்தி இருந்தாள் அல்லவா? அவளை மறந்துவிட்டோம்.

போன சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். நல்ல நோட்டுகளை விரித்து ஹாலில் மேஜைமேல் வைத்திருந்தார்கள். உன் மகள் நோட்டுக்குத்தான் பத்துக்குப் பத்து. "ஒரு வினைச்சொல்கூடத் தப்பில்லை" என்று டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு பூரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்துத் தலைமை ஆசிரியை வந்தார், நம் கோட்டைப் போட்டுக்கொண்டு. நான் சும்மா இருந்திருக்கலாம் அல்லவா? நோட்டை எடுத்து அவர் கையில் கொடுத்து, "சத்தமா படிங்கம்மா, எல்லாரும் கேக்கட்டும்" என்றேன்.

படித்தார். அங்கிள் என்பது காதில் விழுந்தது. கோட் என்பது விழுந்தது. ஆன்டி என்பதும் விழுந்தது. நம் தொழிலைப் பற்றித்தான் புகழ்ந்து எழுதியிருக்கிறாள் என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. படிக்கப் படிக்கத் தலைமை ஆசிரியையின் குரல் இறங்கியது. ஒரு கை மெல்ல முதுகுப் பக்கம் போய்ப் பட்டியைத் தடவியது. ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன். கை தட்டியது நான் ஒருத்திதான். அப்புறம்தான் டீச்சர் என் காதில் தமிழில் சொன்னார்: "நேத்து என் மாமா பெரிய டீச்சர் கோட்டை எரிச்சுட்டாங்க. என் அத்தை தினமும் பொய் சொல்றாங்க. நாளைக்கு எங்களுக்கு முந்நூறு சீருடை கிடைக்கும்." கீழே என் கையெழுத்து. பக்கத்தில் முத்திரை, கடை விலாசத்தோடு.

"படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டீங்களா?" என்று கேட்டார் தலைமை ஆசிரியை. நீயே சொல்லு, என்ன பதில் சொல்வது? படித்தேன் என்றால் திமிர். படிக்கவில்லை என்றால் இரண்டு மாதமாகப் பொய்க் கையெழுத்து. "எனக்கு இங்கிலீஷ் தெரியாதும்மா" என்றேன். அத்தனை பேர் முன்னால் அதைச் சொன்னேன்.

"ஃபேஷன்னு சொன்னீங்களே?"

"இப்பவும் ஃபேஷன்தாம்மா. காரணம் மட்டும் வேற."

அவர் சிரிக்கவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்று போய்விட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உன் மகளைப் பிடித்து உலுக்கினேன். "ஏண்டி, குடும்ப மானத்தைக் கொண்டுபோயா நோட்டுல எழுதுவே?" என்றேன். அவள் கொஞ்சமும் அசரவில்லை. "நிஜத்தைத்தான் எழுதணும் அத்தை. தப்புன்னா நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாம். நீங்க படிச்சுப் பாத்து 'ம்ம்'னுதானே சொன்னீங்க?" என்றாள். உன் மாமா அந்த இடத்தில் சிரித்தார். அவரோடு நான் இரண்டு நாளாகப் பேசவில்லை.

ஆகவே தம்பி, முடிவாகச் சொல்கிறேன். இந்தக் கடிதம் கண்டதும் புறப்பட்டு வந்து உன் மகளை அழைத்துக்கொண்டு போ. யாராவது எரிப்பதும் பொய் சொல்வதும் உன் வீட்டில் மட்டும் நடக்காமலா போய்விடும், அதை எழுதட்டும். அங்கேயும் பள்ளிக்கூடம் இருக்கிறது. முடிந்தால் கணக்கை மட்டும் படிக்க வை. ஐந்தும் மூன்றும் எட்டு என்பதில் யார் வீட்டு ரகசியமும் வெளியே வராது. இங்கிலீஷ் பேசத் தெரியாமல் நாம் யாரும் செத்துப்போய்விடவில்லை. மெஷினை விற்கும்படி ஆனால் அதற்கு நீதான் பொறுப்பு. உன் அக்கா ஒன்றும் வாய் செத்தவள் இல்லை என்பதை நினைவில் வை.

உங்கள் இருவருக்கும் கால் வலி, தலைவலி ஒன்றும் வராமல் கடவுள் காப்பாற்றட்டும். உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு. உனக்கு ஒரு குட்டு.

இப்படிக்கு,
கோபத்தோடு,
உன் அக்கா

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடச் சொல்லி உன் மாமாவிடம் கொடுத்து நான்கு நாள் ஆகிறது. நல்லவேளை, அவர் மறந்துவிட்டார். நீ வர வேண்டாம். வந்தாலும் பிள்ளையைத் தர மாட்டேன். முந்நூறு சீருடையும் நமக்குத்தான். "அந்த வீட்டுல என்ன நடந்தாலும் மறுநாளே எனக்குத் தெரிஞ்சுடும். வேற எந்தத் தையல்கடையில இந்த வசதி இருக்கு?" என்று தலைமை ஆசிரியை சொன்னாராம். முதுகுப் பட்டியும் கட்டாயம் வேண்டுமாம், மறுபடி எதையாவது எரித்தால் மறைக்க எங்களுக்குத் தேவைப்படுமாம். ஒரே நிபந்தனை, நேற்று எத்தனை தைத்தோம், இன்று எத்தனை தைக்கிறோம், நாளை எத்தனை தைப்போம் என்று உன் மகள் தினமும் எழுதிக் கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவள் எனக்கு ஒவ்வொரு சொல்லாகப் படித்துக் காட்டுகிறாள். நேற்று வரைக்கும் ஏழு சொல் எனக்கும் தெரியும். இன்று காலை தலைமை ஆசிரியை முதல் மாதிரிச் சட்டையைப் பார்க்கக் கடைக்கு வந்தார். நான் மெஷினை விட்டு எழுந்து சட்டையை நீட்டினேன். என் முந்தானையும் கூடவே போனது. அதைச் சட்டையின் கைப்பட்டியோடு சேர்த்துத் தைத்திருந்தேன். தையலைப் பிரிக்க அவரே கத்தரிக்கோல் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.