ஒடசலக்கா குடிக்காத தண்ணீர்

சண்டை போட்டு ஜெயித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கெஞ்சி ஜெயித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். தண்ணீர் குடிக்காமலேயே வீடு வீடாக ஜெயித்தவர், மோகனூரிலிருந்து மேச்சேரி வரை சல்லடை போட்டுத் தேடினாலும், ஒடசலக்கா ஒருவர்தான்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. கோழிப்பண்ணைகளில் கீறல் விட்ட முட்டைகளை மலிவாக வாங்கி, மொபெட்டில் கொண்டுபோய் ஹோட்டல்களுக்கும் பேக்கரிகளுக்கும் கொடுப்பது தொழில். கீறல் முட்டையை ஒடசல் என்போம். அதுவே அவருக்கும் பெயராகிவிட்டது. சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் ஹெல்மெட். மைதானத்தில் நிற்கும்போதுகூட ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டார். "பந்து ஆரைப் பாத்து வரும்னு அந்தப் பந்துக்கே தெரியாதுங்க" என்பார்.

எங்கள் பள்ளிப் பெண்கள் ஹாக்கி அணிக்கு அவர் யார் என்றால் யாராலும் சொல்ல முடியாது. பயிற்சியாளர் இல்லை. விதி ஒன்றும் தெரியாது. எதிரணி போட்ட கோல் அழகாக இருந்தால் அதற்கும் கைதட்டுவார். ஒருநாள் மீந்த முட்டைகளை வேகவைத்துக் கொண்டுவந்தவர், அப்படியே தங்கிவிட்டார். ஆட்டத்துக்கு முன்னால் பிள்ளைகளை மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஓட்டிப் போவார்.

"அழுவறவங்கெல்லாம் இப்பவே அழுது முடிச்சுக்கோங்க சாமி. அஞ்சு நிமிசம். உள்ள போயி அழுதா பந்து தெரியாது."

ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்று அழுவார்கள். ஒருத்திக்கு அழுகை வராவிட்டால், "பரவால்ல கண்ணு, உன்ற பங்கை அடுத்த மேட்ச்சுக்கு வெச்சுக்கோ" என்பார். முதல் தடவை இதைப் பார்த்த எதிரணி, யாரோ இறந்துவிட்டதாக நினைத்து ஆட்டத்தைத் தள்ளிவைக்கச் சொன்னது.

ஆனால் அவருடைய உண்மையான ஆட்டம் வீடுகளில்தான். எங்கள் பக்கத்தில் வீடு தேடி வந்தவர், வீட்டார் நீட்டிய தண்ணீரை வாங்காவிட்டால், அது அந்த வீட்டுக்கே அவமானம். எந்த வீட்டிலாவது, "விளையாட்டு போதும், பிள்ளை மில்லுக்குப் போகட்டும்" என்று சொன்னால், அக்கா போய் உட்கார்ந்து சொம்பை மறுத்துவிடுவார். வரும் வழியில் டீக்கடையில் வயிறு முட்டக் குடித்துவிட்டுத்தான் வருவார் என்பது பிற்பாடு தெரிந்த ரகசியம்.

கோல் கீப்பர் நந்தினியின் அப்பா ரிக் வண்டியில் ஆழ்குழாய்க் கிணறு போடப் போனவர். இடுப்பில் அடிபட்டு வீட்டோடு கிடந்தார். அக்கா அங்கேயும் போய் உட்கார்ந்தார்.

"தண்ணியக் குடிச்சுட்டுப் பேசும்மா."

"புள்ளைய ஆட உடறேன்னு சொல்லுங்க, சொம்போட குடிக்கறேன்."

"ஆடுனா அடுப்பு எரியுமா?"

"எங்கிட்ட வேலை இருக்குதுங்க. முட்டைய வெளிச்சத்துல காட்டி ஒடசல் பாக்கோணும். இடுப்பு வேண்டாம், கண்ணு போதும்."

"போரு போட்டவன் முட்டை பாக்கறதா?"

"ஆயரம் அடி பூமிக்குள்ள பாத்தவரு, ஒரு முட்டைக்குள்ள பாக்க மாட்டீங்களாக்கும்?"

மத்தியானத்துக்குள் சொம்பு காலியாகிவிட்டது. நந்தினி ஆடினாள். அக்கா அப்படி உட்கார்ந்து கட்டியதைத்தான் நான் பிற்பாடு ஒரு வரியில் உடைத்தேன்.

மாவட்ட இறுதி ஆட்டம் சமனில் முடிந்து ஷூட்அவுட்டுக்குப் போயிற்று. எதிரில் ஒருத்தி பந்தோடு தனியாக ஓடி வருவாள், எட்டு நொடி, தடுக்க கோல் கீப்பர் மட்டும். கடைசிப் பந்து நந்தினியின் கால்களுக்கு நடுவே போய்விட்டது. தலைமையாசிரியர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றுப் பத்து வருடமாகியும் விளையாட்டுக் குழுத் தலைவர் நாற்காலியை விடாமல் பிடித்திருந்த நான், மறுநாள் காலை பிரேயரில் மைக்கைப் பிடித்தேன்.

"கதவைத் திறந்து போட்டுவிட்டு வாட்ச்மேன் எதற்கு?" என்றேன்.

பள்ளியே சிரித்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடமும் பெருமையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் நந்தினி பள்ளிக்கு வரவில்லை. ஒரு சனிக்கிழமை காலை ஒடசலக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள்.

"வேண்டாமுங்க்கா."

மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. அக்கா என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் புள்ளை தூங்கறதில்லீங்க. கதவு சாத்தியிருக்குதான்னு பத்துத் தரம் எந்திரிச்சுத் தாழைத் தொட்டுப் பாக்குது. பெரியாஸ்பத்திரில மனசு டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போயிட்டு இருக்கறேன். பாதி மருந்து அவங்க தருவாங்க. மீதி உங்ககிட்ட இருக்குதுங்க சார்."

நான் செய்தித்தாளை விரித்துக்கொண்டேன். படித்தவன், ஒரு மொபெட்டுக்குப் பணிவதா? அவர் அசையவில்லை. சோற்று நேரம் வந்தது, தட்டு வரவில்லை. அடுப்படியிலிருந்து குரல்தான் வந்தது.

"ஊட்டுக்கு வந்தவங்க தண்ணி குடிக்காம உக்காந்திருக்கறப்ப உங்களுக்கு எப்படீங்க சோறு போடறது?"

எனக்குச் சர்க்கரை நோய். இரண்டு மணிக்கு மேல் பசி தாங்கவில்லை. "சரி, மன்னிச்சுக்கோ" என்றேன்.

"எங்கிட்ட எதுக்குங்க? எங்க சொன்னீங்களோ அங்க சொல்லுங்க."

"திங்கட்கிழமை சொல்றேன்."

"அப்பத் தண்ணியும் பொறவு குடிச்சுக்கறனுங்க." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்தத் திங்கட்கிழமை எனக்கு ரத்த அழுத்தம் என்று சொல்லி அனுப்பினேன். அழுத்தம் இல்லை, வெட்கம்தான். அடுத்த திங்கட்கிழமையும் அதே பொய். ஒரு பெண் கதவுத் தாழைத் தொட்டுத் தொட்டுப் பார்த்த நாட்கள் அவை. அந்த இரண்டு வாரத்துக்கு என்னிடம் எந்தச் சமாதானமும் கிடையாது. மூன்றாம் திங்கட்கிழமை மைக்கின் முன் நின்று, நான் சொன்னது தவறு, தோற்றது அணி, புண்படுத்தியது நான் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு ஹெல்மெட் தெரிந்தது.

"இப்பவாவது தண்ணி?" என்றேன்.

"கேக்க வேண்டியவ இங்க இல்லியேங்க. வண்டில ஏறுங்க."

எழுபது வயதில், மடியில் முட்டை அட்டைகளோடு, மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து போனேன். "உடைஞ்சுடுமே அம்மா" என்று கத்தினேன். "ஏற்கனவே ஒடஞ்சதுதானுங்க, புதுசா என்ன ஆகப் போவுது!" என்று பதில் காற்றில் வந்தது.

நந்தினியின் அம்மா சொம்பை நீட்டினார். என் கை தானாகவே மறுத்தது. "முதலில் சொல்லிவிடுகிறேன்" என்று சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நந்தினி கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"எல்லாரும் சிரிச்சப்ப எனக்கும் சிரிப்பு வந்துருச்சுங்க சார். ஊட்டுக்கு வந்துதான்..." கதவை விட்டுவிட்டு அம்மா கையிலிருந்த சொம்பை வாங்கி நீட்டினாள். "தண்ணி குடிங்க சார்" என்றாள்.

மறுநாளே அவள் மைதானத்துக்கு ஓடி வந்துவிடவில்லை. டாக்டரம்மாவிடம் மாதக்கணக்கில் போனாள். பிறகு ஒருநாள் வந்து மட்டையில்லாமல் சும்மா நின்றாள். அடுத்த வாரம் காலுக்குப் பேட் கட்டினாள். அடுத்த சீசனில் மறுபடி ஒரு ஷூட்அவுட் வந்தது. இரண்டை விட்டாள், ஒன்றை எட்டி உதைத்தாள். நாங்கள் அதிலும் தோற்றோம். திரும்பி வரும் வேனில், வாயைத் திறந்தபடி, ஓமலூரிலிருந்து மோகனூர் வரை அப்படியொரு தூக்கம் தூங்கினாள். அக்கா யாரையும் பேச விடவில்லை.

வேனை விட்டு இறங்கியதும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார். அவருக்கு இவ்வளவு நரை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். மனைவி நீட்டிய சொம்பை வாங்கி அண்ணாந்து குடித்தார். பாதியில் நிறுத்தி முகத்தைச் சுளித்தார்.

"ஏனுங்க சார், உங்கூட்டுத் தண்ணி இந்த உப்புக் கரிக்குது! இதையா இத்தனை நாளு குடிக்காம கெடந்தேன்?"

மீதியையும் குடித்துவிட்டுத்தான் போனார்.

அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரு குடம் காவிரித் தண்ணீர் அக்காவுக்கென்று தனியாக மூடியிருக்கிறது. தினமும் நான்தான் பிடித்து வைக்கிறேன். அதில் ஒரு வாய் குடிக்க எனக்கு அனுமதி இல்லை.