பூபில் கூரையில் ஒரு ராகு காலம்

கையில் ஸ்குரூ டிரைவர் கிடைத்ததும் தன்னை எஞ்சினியர் என்று நம்பிவிடும் ஆண்களில் நானும் ஒருவன். இரண்டாயிரங்களில் ஒரு யூலை மாதம், பாரிஸில் என் தம்பிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் நாங்கள் ஒஸ்லோவிலிருந்து ஒரு பழைய பூபிலில் (படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள வான்) போவதாக ஏற்பாடு. அதன் கூரையில் இருந்த ஏசி செத்துப்போயிருந்தது. வழியில் தங்கும் இடங்களில் வெக்கையை அம்மா தாங்கமாட்டார். “ஆள் பிடிக்கத் தேவையில்லை, நானே மாத்துறன்” என்று மார்தட்டினேன்.

புறப்படும் நாள் காலை, ஒஸ்லோவின் அம்மருட் பகுதியில் எங்கள் மாடிக் குடியிருப்பின் முன்னால், மனைவியின் தம்பி குகனும் நானும் பழைய ஏசியைக் கழற்றி இறக்கினோம். கூரையில் சதுரமாக ஓர் ஓட்டை. அதற்கு நேர்கீழே கட்டிலில், மணமகளுக்கு நாங்கள் கொண்டுபோகும் கூறைச் சேலை தட்டத்தோடு இருந்தது. புதியதைத் தூக்கப் போனபோது அம்மா வந்தார்.

“மோனை, ராகு காலம் துடங்கீட்டுது. புதுசை இப்ப பூட்டாதை.”

(இரவு பத்து மணிக்கும் வெளிச்சமாய் இருக்கிற ஊரில் எந்தச் சூரியனை வைத்து ராகு காலம் பார்ப்பது என்று கேட்டேன். கலண்டரைக் காட்டினார்.)

அப்போதுதான் மழை பிடித்தது.

“அப்ப கூறையை எண்டாலும் எடுங்கோ அம்மா.”

“அதையும் இந்த நேரத்திலை தூக்கக்கூடாது.”

பொலித்தீனை விரித்தேன். காற்று அதைப் பக்கத்துக் கட்டடத்துக்கு அனுப்பிவிட்டது. கூறை நனைந்தால் அபசகுனம் என்று கல்யாணமே குழம்பிவிடும். வேறு வழியில்லாமல் குடையைப் பிடித்துக்கொண்டு ஓட்டையின் மேல் நானே குந்தினேன். அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது.

“இஞ்சேருங்கோ, மூலையாலை ஒழுகுது. இன்னும் கொஞ்சம் இறங்கி இருங்கோ” என்றாள் உள்ளேயிருந்து மனைவி. இறங்கினேன்.

மேல்மாடி நோர்வேக்காரப் பெண்மணி, தீயணைப்புப் படையைக் கூப்பிடவா என்று பல்கனியிலிருந்து கேட்டார். நல்ல நேரம் வரட்டும் என்று காத்திருப்பதாகச் சொன்னேன். அவர் கோப்பி எடுத்துவந்து நிதானமாக உட்கார்ந்து பார்த்தார்.

ஒருவழியாக ராகு காலம் முடிந்தது. என்னால்தான் எழும்ப முடியவில்லை. குகன் உள்ளே போய், கூறையை நகர்த்திவிட்டு, கூட்டுகிற தும்புத்தடியால் கீழேயிருந்து தள்ளினான். (எந்த இடத்தில் என்று எழுதப்போவதில்லை.)

பிறகு புது ஏசியை ஏற்றி, உள்ளிருந்து போல்ட்டுகளை இறுக்கினேன். கூறையில் ஒரு துளி ஈரமில்லை. ஜெர்மனியில் வான்கள் தங்கும் இடமொன்றில் நிறுத்தி, மின்சாரம் கொடுத்து ஏசியைப் போட்டதும், அம்மா போர்வையை இழுத்து மூடினார்.

“மோனை, குளிருது. குறை.”

எந்தப் பட்டமும் எனக்கு அவ்வளவு இனித்ததில்லை.

தம்பியின் மனைவி இன்றைக்கும் அந்தக் கூறையை வெளியே எடுத்தால் விருந்தாளிகளிடம் சொல்வாள்: “எங்கடை கல்யாணத்தை அத்தான்தான் குந்தியிருந்து காப்பாத்தினவர்.” எங்கே குந்தினார் என்று ஒருவரும் கேட்காவிட்டாலும், என் மனைவி விளக்கமாகச் சொல்லி முடிப்பாள்.